அத்தியாயம் 7: வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது?

கடலூரில் கிளம்பி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அதற்குள் ஒரு நடுத்தரக் காரின் சக்கரம் இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் பாரம், பிரேக்கின் இழுப்பு, பள்ளத்தில் விழும் அடி எல்லாம் நான்கோ ஐந்தோ நட்டுகளை நம்பித்தான். அந்த நட்டுகளை நாம் இறுக்கும் லட்சணம் தெரிந்ததே. ஸ்பேனரை மாட்டுவோம், அதன் மேல் ஏறி நின்று மிதிப்போம், ‘இனி அசையாது’ என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவோம்.

வீல் நட்டு லூசாக இருப்பது எவ்வளவு ஆபத்தோ, அளவு மீறி டைட்டாக இருப்பதும் அவ்வளவு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, அதற்கு நட்டைக் கொண்டு வந்து, சிறிது தூரம் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபார்ப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது.

நட்டு உண்மையில் என்ன செய்கிறது?

சக்கரம், நட்டுகள் ஏறும் மரையுள்ள கம்பிகளான ஸ்டட்டுகளின் மேல் தொங்கிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு நீளுகிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவைதான் வீலை, அது மாட்டப்படும் ஹப்போடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. இரண்டு முகங்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் உராய்வில்தான் சக்கரம் நகராமல் நிற்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில், எண்ணெய் படாத மரையில், நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டில் மட்டும் சுமார் 4 டன் இழுவை ஏறுகிறது. நான்கு நட்டுக்கு 16 டன்னைத் தாண்டும். ஒரு சின்னக் காரின் மொத்த எடையே ஒரு டன்னைச் சுற்றித்தான்.

லூசான நட்டில் இந்தப் பிடி குறைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வீல் இம்மி இம்மியாக வழுக்கும். வழுக்கும் வீல் நட்டைத் தானே கழற்றிக்கொண்டு வரும்; ஸ்டட்டை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துபோவதைப் போலவே ஸ்டட்டும் ஒடிகிறது.

அளவு மீறி இறுக்கினால் ஸ்டட் நீண்டது நீண்டதுதான், திரும்பாது. பார்வைக்கு டைட்டாகத் தெரியும், பிடி இருக்காது. நட்டுகளில் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் இருந்தால், வீலின் பின்னாலுள்ள பிரேக் டிஸ்க் மிக லேசாகக் கோணி, பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். இதெல்லாம் போக, இரவு பத்து மணிக்குப் புதுச்சத்திரம் பக்கம் பஞ்சர் ஆனால், வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரால் அந்த நட்டைக் கழற்றவே முடியாது.

உங்கள் காருக்கு என்ன எண்?

முறுக்கு விசையைப் பட்டறையில் ‘டார்க்’ என்பார்கள். நட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பதன் பெருக்கல்தான் அது. அளவு நியூட்டன் மீட்டர், சுருக்கமாக நி.மீ.

சரியான எண் காரோடு வந்த கையேட்டில், டயர் மாற்றும் பகுதியிலோ தொழில்நுட்ப விவரப் பட்டியலிலோ இருக்கும். நம் சாலைகளில் அதிகம் ஓடும் கார்களுக்குப் பொதுவாக இப்படி:

• ஆல்டோ, பழைய ஸ்விஃப்ட் போன்ற மாருதி கார்கள்: 85 நி.மீ. புதிய மாருதிகள் பலவற்றில் 100 நி.மீ. சாக்கெட் 19 மி.மீ.
• ஹூண்டாய்: பழைய மாடல்களில் 88 முதல் 107 வரை, புதியவற்றில் 107 முதல் 127 வரை. சாக்கெட் 21 மி.மீ.
• டொயோட்டா கார்கள் பலவற்றில் 103 நி.மீ. சாக்கெட் 21 மி.மீ.
• ஹோண்டா: 108 நி.மீ. சாக்கெட் 19 மி.மீ.
• ஃபோக்ஸ்வாகன் போலோ: 120 நி.மீ. சாக்கெட் 17 மி.மீ. இதில் நட்டு கிடையாது, ஹப்புக்குள் நேராக இறங்கும் போல்ட்.

ஒரே பெயரில் வந்த கார்களிலும் ஆண்டுக்கு ஆண்டு எண் மாறுகிறது. மேலே உள்ளதை ஏகதேசமாக வைத்துக்கொள்ளுங்கள். இறுக்குவதற்கு முன் உங்கள் கையேட்டை ஒரு முறை பாருங்கள். சில கையேடுகளில் கிலோகிராம்-விசை மீட்டர் (kgf·m) என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நி.மீ. வந்துவிடும்.

கருவிகள்

அரை அங்குல டிரைவ் உள்ள, ‘கிளிக்’ என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று போதும். 40 முதல் 200 நி.மீ. வரை அளவு இருந்தால் எல்லாக் காருக்கும் பொருந்தும். இதோடு சரியான அளவில் ஆறு முனை சாக்கெட், நட்டைக் கழற்ற நீளமான கைப்பிடி, கம்பி பிரஷ், பழைய துணி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கல், ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகை.

டார்க் ரெஞ்சில் இரண்டு அளவுகோல் இருக்கும்: ஒன்று நி.மீ., மற்றது அடி பவுண்டு. 85 நி.மீ. என்று நினைத்து அடி பவுண்டு பக்கத்தில் 85 வைத்துவிட்டால் நட்டின் மேல் ஏறுவது 115 நி.மீ. கைப்பிடியைத் திருகுவதற்கு முன் எந்தக் கோட்டைப் பார்க்கிறோம் என்பதை உறுதி செய்யுங்கள்.

இந்தக் கருவிக்குச் சில பழக்கங்கள் வேண்டும். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. பிடியின் நடுவில் பிடித்து, சீராக, வெட்டி இழுக்காமல் இழுக்க வேண்டும். ‘கிளிக்’ கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். ‘சந்தேகத்துக்கு இன்னொன்று’ என்று மறுபடி இழுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் அளவு கொஞ்சம் கூடிப்போகும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள். ஏற்றி வைத்த நிலையிலேயே விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து எண் பொய்யாகிவிடும்.

உப்புக் காற்றும் கிரீஸ் ஆசையும்

தேவனாம்பட்டினம், துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடலை ஒட்டி வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. உப்புக் காற்றில் ஸ்டட்டும் ஹப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆறு மாதம் கழற்றாமல் விட்ட வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பயந்து மரைக்கு ஏராளமாக கிரீஸ் தடவி வைப்பார்கள், சிலர் என்ஜின் ஆயிலைக்கூட ஊற்றுவார்கள்.

இங்கே கணக்கு தலைகீழாகிறது. நாம் நட்டுக்குக் கொடுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மீதி முழுவதையும் நட்டின் அடி முகத்திலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். குறைந்த அளவு அப்படியே ஸ்டட்டின் மேல் இழுவையாக ஏறும். ரெஞ்ச் அதே 100 என்று சொல்லும், ஸ்டட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிக இழுவை நிற்கும். கையேடு வேறு மாதிரி சொல்லாத வரை மரையும் நட்டின் அடிமுகமும் உலர்ந்து, சுத்தமாக இருக்கட்டும்.

துருவுக்கு மருந்து கம்பி பிரஷ். வீலைக் கழற்றியதும் ஹப்பின் தட்டையான முகத்தையும், வீலின் உட்பக்கத்தில் அதோடு சேரும் முகத்தையும் நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். செதில் செதிலாக உதிரும் செம்பழுப்புத் துகளை விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்: உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் நடுவே ஒரு தூசிப் படலம். அந்தப் படலத்தோடு இறுக்கினால் முதலில் அது கெட்டியாகத்தான் நிற்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நசுங்கி உதிர்ந்துவிடும். நட்டு திரும்பாமலேயே பிடி தளர்ந்துபோகும். புது பெயிண்ட் அடித்த வீலுக்கும் இதே கதைதான்.

வீல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றால், ஹப்பின் நடுவில் வீலின் துளை வந்து உட்காரும் வட்ட விளிம்பில் மட்டும் மிக மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். முகத்திலோ மரையிலோ படக் கூடாது.

2015 மழையிலும், 2024 நவம்பர் கடைசியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூரின் பல பகுதிகளில் வண்டிகள் நீரில் நின்றன. ஹப் வரை நீர் ஏறிய காரை ஓட்டத் தொடங்கும் முன் நான்கு வீலையும் கழற்றி, சேற்றை எடுத்து, முகங்களைத் தேய்த்து, புதிதாக அளவு வைத்து இறுக்குங்கள். பிரேக் பரிசோதனையோடு சேர்த்தே செய்துவிடலாம்.

படிப்படியாக

1. வண்டியைக் கெட்டியான, சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பார்க்’. மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் பக்கம் சாலையோரம் களிமண். கடற்கரைப் பக்கம் மணல். இரண்டிலும் ஜாக்கி புதையும். பலகை இல்லாமல் தூக்க வேண்டாம்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்குங்கள்.

3. வீலைக் கழற்றி முகங்களைத் தேய்த்துத் துடைத்து, ஸ்டட்டுகளைப் பாருங்கள். ஒரு நட்டை எடுத்து ஒவ்வொரு ஸ்டட்டிலும் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் போய் இறுகி நின்றால் அந்த ஸ்டட் நீண்டுவிட்டது அல்லது மரை கெட்டுவிட்டது. அதை மாற்றுவதுதான் வழி. விசை கொடுத்து ஓட்ட வேண்டாம்.

4. வீலை ஏற்றி, எல்லா நட்டையும் கையாலேயே தொடங்குங்கள். குறைந்தது ஏழெட்டுச் சுற்று கையில் இறங்க வேண்டும். போலோ போன்ற போல்ட் வகையில் வீலைத் தாங்க ஸ்டட் இல்லாததால், மேல் துளையை முதலில் சரியாகப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு போல்ட்டைக் கையால் நுழைத்துவிடுங்கள்.

5. வண்டி தூக்கியிருக்கும்போதே ஸ்பேனரால் லேசாக, வீல் ஹப்பில் நன்றாக உட்காரும் வரை இறுக்குங்கள். வரிசை முக்கியம். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக: மேல், கீழ், இடம், வலம். ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவதுபோல் ஒன்று விட்டு ஒன்று. பக்கத்துப் பக்கத்து நட்டை இறுக்கிக்கொண்டு போனால் வீல் ஒரு பக்கம் சாய்ந்தபடியே மாட்டிக்கொள்ளும்.

6. டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்குங்கள். டார்க் ரெஞ்சில் முதலில் பாதி அளவு வைத்து அதே வரிசையில் ஒரு சுற்று. பிறகு முழு அளவு வைத்து இன்னொரு சுற்று. ஒவ்வொரு நட்டிலும் ஒரு ‘கிளிக்’.

7. கடைசியாக, அதே அளவில் வட்டமாக ஒரு முறை சரிபார்த்துவிட்டு ரெஞ்சை வையுங்கள். இப்போது நட்டு நகரவே கூடாது. உடனே ‘கிளிக்’ கேட்டால் சரி.

அலாய் வீலுக்கு மாறியவர்கள் நட்டின் உட்காரும் முகத்தைப் பாருங்கள். சில வீலில் அது கூம்பு, சிலவற்றில் கோளம், சிலவற்றில் வாஷரோடு கூடிய தட்டை. ஹோண்டாவின் கம்பெனி நட்டுகளில் கோள முகம் இருக்கும். வெளியே வாங்கும் பெரும்பாலான அலாய் வீலுக்குக் கூம்பு நட்டு வேண்டும். முகம் பொருந்தாவிட்டால், அளவு எவ்வளவு சரியாக வைத்தாலும் நட்டு ஒரு கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும், தானாகத் தளரும்.

இன்னொரு எச்சரிக்கை பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு. வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. அங்கே கழற்றுவதற்காகச் சுற்றும் வழக்கமான திசையில் சுற்றினால் நட்டு இறுகிக்கொண்டே போய் ஸ்டட் ஒடியும்.

இரண்டாம் முறை பார்ப்பது

வீலைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி அளவு பார்க்க வேண்டும். துருத் துகள், பெயிண்ட், சிறு மேடு பள்ளம் எல்லாம் நசுங்கி முகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அமர அவ்வளவு தூரம் தேவைப்படுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது: கடலூரில் வீல் மாட்டினால், சிதம்பரம் போய்த் திரும்பி வந்ததும் பார்க்க வேண்டும்.

வண்டி ஓடி வந்த சூட்டில் பார்க்காதீர்கள். ஹப்பும் பிரேக்கும் ஆறட்டும். சக்கரத்தைத் தூக்க வேண்டியதில்லை, நட்டைத் தளர்த்தவும் வேண்டாம். முழு அளவு வைத்து ஒவ்வொரு நட்டையும் இழுத்துப் பாருங்கள். எல்லாம் உடனே ‘கிளிக்’ என்றால் வேலை முடிந்தது. ஒன்று லேசாகத் திரும்பிய பிறகு ‘கிளிக்’ என்றால் பரவாயில்லை. இன்னொரு நூறு கிலோமீட்டரில் அதை மறுபடி பாருங்கள். மறுபடியும் திரும்பினால் முகத்தில் அழுக்கோ ஸ்டட்டில் கோளாறோ உண்டு. கழற்றித்தான் ஆக வேண்டும்.

பஞ்சர் கடையில்

காற்றில் ஓடும் ‘கன்’ வேலையை விரைவாக முடிக்கும். அதன் அளவோ கம்ப்ரெஸரின் அழுத்தத்தையும், கன்னின் வயதையும், எத்தனை விநாடி அழுத்திப் பிடித்தார்கள் என்பதையும் பொறுத்தது. ஒரே வீலில் ஒரு நட்டு குறைவாகவும் இன்னொன்று மிக அதிகமாகவும் இருக்கும். கடைக்காரரிடம் சண்டை போடத் தேவையில்லை. மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்:

“அண்ணே, கன்னுல சும்மா உக்கார வெச்சு விட்ருங்க. கடைசி டைட்டு நான் டார்க் ரெஞ்சுல வெச்சுக்குறேன்.”

பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். சிலர் தங்கள் ரெஞ்சையே எடுத்துத் தருவார்கள். ஏற்கெனவே கன்னில் முழுதாக இறுக்கிவிட்டார்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, அளவு வைத்து இறுக்குங்கள். தளர்த்தாமல் ரெஞ்சை மாட்டிப் பார்த்தால் உடனே ‘கிளிக்’ என்றுதான் சொல்லும். ரெஞ்சுக்குக் குறைவு தெரியும், மிகை தெரியாது. தனிச் சாவியால் மட்டும் கழலும் லாக் நட் இருந்தால் அதற்குக் கன் வைக்கவே விடாதீர்கள். அதன் சாவி உடைந்தால் நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ரெஞ்ச் கையில் இல்லாவிட்டால்

வண்டியோடு வந்த ஸ்பேனரின் நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: நட்டின் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடம் வரை. 30 சென்டிமீட்டர் என்றால், முனையில் 34 கிலோ விசை கொடுத்தால் 100 நி.மீ. அதே ஸ்பேனரில் 85 நி.மீ. வேண்டுமென்றால் 29 கிலோ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் முனையில் ஏறி நின்றால் 206 நி.மீ.: தேவையைப் போல் இரு மடங்கு. பைப் சொருகி நீட்டி மிதித்தால் அளவு எங்கே போகும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

34 கிலோ என்பதைக் கைக்குப் பழக்க ஓர் எளிய வழி: பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு. மீன் கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசும் 50 கிலோ வரை காட்டினால் போதும். வண்டி தரையில் நிற்கும்போது ஸ்பேனரை இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டி மாட்டி, அதன் முனையில் கொக்கியைப் போட்டு, நேர் மேலே இழுங்கள். தராசில் 34 வந்ததும் நிறுத்துங்கள். ஒரு முறை செய்துவிட்டால் அந்த இழுப்பு எவ்வளவு என்று தோளுக்குப் பதிந்துவிடும். இது ரெஞ்சுக்கு மாற்று ஆகாது. வீடு வந்து சேரும் வரை போதும்.

இவற்றைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்

• மெதுவாகப் போகும்போது சக்கரப் பக்கத்திலிருந்து ‘டக் டக்’ சத்தம். வளைவில் அது மாறுவது.
• வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஆட்டம், குறிப்பாக டயர் மாற்றிய ஓரிரு நாளில்.
• நட்டின் அடியிலிருந்து வீலின் மேல் கதிர்போல் வழியும் துருக்கோடு அல்லது பளபளக்கும் தேய்மானம்.
• ஒரு ஸ்டட் ஒடிந்திருப்பது. ஒடிந்த ஒன்றின் பாரத்தை மற்றவை சுமந்திருக்கும். அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள்.

சக்கரம் லூசாக ஓடியிருந்தால் வீலின் துளைகளைப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் அந்த வீலை இனி மாட்ட வேண்டாம். எவ்வளவு அளவாக இறுக்கினாலும் நட்டு அதில் சரியாக உட்காராது.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரு வேலை. கையேட்டைத் திறந்து உங்கள் வண்டியின் எண்ணையும் சாக்கெட் அளவையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேலுள்ள மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ‘103 நி.மீ., 21 சாக்கெட், நூறு கி.மீ.யில் மறுபடி’ என்ற அளவில் ஒரு வரி போதும். உங்கள் வண்டியை வேறு யார் ஓட்டிப்போனாலும், வழியில் வீலைக் கழற்றும்போது முதலில் கண்ணில் படுவது அந்த வரியாக இருக்கும்.